இஸ்மாயில் பாயின் முழங்காலும் நான் எழுதிய ‘வலி இல்லை’யும்

ஒரு நோயாளி தனக்கு வலிக்கிறது என்று என்னிடம் சொன்னார். எங்கே வலிக்கிறது என்று ஒற்றை விரலால் தொட்டும் காட்டினார். அதைப் பார்த்துவிட்டுத்தான் படிவத்தில் ‘வலி இல்லை’ என்ற கட்டத்தில் நான் டிக் போட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் அலட்சியம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இதை டாக்டரிடம் சொல்ல வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொள்ளவும் செய்தேன். அவர் மரியாதை தெரிந்த மனிதர். நான் கேட்டபடியே நடந்துகொண்டார்.

நான் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் பயிற்சி பெற்று இப்போது அந்தத் துறையை நடத்துகிறவர்கள் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போதெல்லாம் நோயாளிகள் தங்கள் வலி எவ்வளவு என்பதைக் கைப்பேசித் திரையில் தாங்களே தொட்டுப் பதிவு செய்துவிடுகிறார்களாம். நடுவில் கேட்டு எழுத ஆள் தேவையில்லை. “சார், நம்ம ஆஸ்பத்திரியில பாதி மூட்டு ஆபரேஷன் ஆரம்பிச்ச காலத்தப் பத்தி எழுதிக் குடுங்க, புதுசா வந்தவங்க படிக்கட்டும்” என்றார்கள். அந்தக் காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பரபரக்கும். அப்படிப்பட்ட நாட்கள் அவை. ஆனால் அதை எழுதினால் இதையும் எழுதியாக வேண்டும். நடுவில் கேட்டு எழுதிய ஆள் நான்தான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் படித்தேன், எலும்புக்கும் தசைக்கும் உள்ள பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்தேன், இரண்டு சிறிய மருத்துவமனைகளில் மின்சார ஒத்தடம் கொடுத்துக் காலம் தள்ளினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவை அவிநாசி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் சேர்ந்தேன். உண்மையான படிப்பு அங்கேதான் தொடங்கியது. அதற்குக் காரணம் பிரிவுத் தலைவராக இருந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர். நாங்கள் அவரை ‘சீஃப்’ என்போம்.

சீஃப் சில ஆண்டுகள் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். குறைவாகப் பேசுவார். வருகிறவர் யாராக இருந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்து “வாங்க” என்பார். எக்ஸ்ரேயைப் பார்க்கும் முன் ஆளைப் பார்ப்பார். வலி எங்கே என்று கேட்கும்போது தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “நான் கை வெச்சா, வெச்ச எடத்துலதான் வலின்னு சொல்லிருவாங்க சண்முகம். நம்ம ஊர்க்காரங்க டாக்டர் மனசு நோகக்கூடாதுன்னு நெனைக்கறவங்க” என்றார். “நீங்களே காட்டுங்க” என்று நோயாளியிடம் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். சிலர் உள்ளங்கை முழுவதையும் முழங்கால்மேல் வைத்துத் தேய்ப்பார்கள். சிலர் ஒரே விரலை எடுத்து முழங்காலின் உள்பக்கத்தில் ஓர் இடத்தில் வைப்பார்கள். அப்படி ஒற்றை விரல் வைக்கிறவரைக் கண்டால் சீஃபின் முகம் வெளிச்சமாகிவிடும்.

மூட்டுத் தேய்மானம் பலருக்கு முழங்காலின் உள்பாதியில் மட்டும்தான் இருக்கும். வெளிப்பாதி நன்றாகவே இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு முழு மூட்டையும் வெட்டி எடுக்காமல், தேய்ந்த பாதியை மட்டும் மாற்றினால் போதும் என்பது சீஃபின் கட்சி. தொடை எலும்பின் நுனிக்கு ஓர் உலோகத் தொப்பி, கீழே கணைக்கால் எலும்பின் மேல் ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே வழவழப்பான பிளாஸ்டிக் துண்டு. மூட்டுக்குள் குறுக்காக ஓடும் தசைநார்களைத் தொடுவதில்லை. அதனால் அந்த முழங்காலுக்குத் தான் எங்கே இருக்கிறோம், எவ்வளவு மடங்கியிருக்கிறோம் என்ற உணர்வு போவதில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். முழு மூட்டு மாற்றியவர்களைக் கட்டிலிலிருந்து இறக்கவே அந்த நாளில் பல நாட்கள் ஆகும். பாதி மூட்டு மாற்றியவர்களை இரண்டாம் நாள் காலையில், ரத்தம் வடிய வைத்த குழாயை எடுத்த கையோடு கட்டில் விளிம்பில் உட்கார வைப்பேன். கால் தொங்கும். குதிகாலுக்கு என் கையைத் தாங்கலாகக் கொடுத்து, “கண்ணை மூடுங்க, மெதுவா மடக்குங்க” என்பேன். கோணமானியை வைத்து அளப்பேன். தொண்ணூறு பாகை. இரண்டாம் நாள் தொண்ணூறு. நம்பாமல் மறுபடியும் அளப்பேன். வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்பார்கள். நின்றதும் தங்கள் காலையே குனிந்து பார்ப்பார்கள். வில்லாக வளைந்திருந்த கால் நேராக இருக்கும்.

ஊரில் மற்ற எலும்பு மருத்துவர்கள் பலர் இதை நம்பவில்லை. ஒரு கூட்டத்தில் ஒருவர், “பாதி வேலை செஞ்சா பாதி வலிதான் போகும்” என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். சீஃபும் சிரித்தார். திரும்பி வரும் வழியில் காரில், “ஆபரேஷன் என் வேலை. அது நல்லா இருக்குதா இல்லையான்னு சொல்றது உங்க வேலை” என்றார். அன்றிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை.

நோயாளிகள் மறுபரிசோதனைக்கு வரும்போது நான் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். வெளிநாட்டுப் படிவம் ஒன்றைச் சீஃப் வாங்கி வந்திருந்தார். வலி: இல்லை, லேசாக, மிதமாக, கடுமையாக. நடை: எவ்வளவு தூரம். படி: ஏற முடிகிறதா, கைப்பிடி வேண்டுமா. நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா. ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் கேட்டு நிரப்புவேன். “வலி இருக்குதுங்களா?” என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் “பரவாயில்லைங்க” என்பார்கள். ‘பரவாயில்லை’க்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. நான் ‘இல்லை’யில் டிக் போடுவேன். இது முதலில் சோம்பலாகத் தொடங்கியது. பிறகு பழக்கமாயிற்று. பிறகு எனக்கு அது ஆசையாகவே ஆகிவிட்டது.

இஸ்மாயில் பாய் எங்களிடம் வந்தது அந்தச் சமயத்தில்தான். பெரிய கடைவீதிக்குத் தெற்கே ஒரு சந்தில் பஞ்சு மெத்தை தைக்கிறவர். அறுபதை நெருங்கும் வயது. மெத்தைத் துணிக்குள் பஞ்சை நிரப்பி, அதன்மேல் வலது முழங்காலை ஊன்றி அமுக்கிக்கொண்டு, நீண்ட ஊசியால் குத்தி இழுத்துத் தைக்க வேண்டிய வேலை. நாற்பது ஆண்டுகள் அப்படி ஊன்றிய முழங்கால் அது. சீஃப் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருக்க, பாய் ஒற்றை விரலை உள்பக்கம் மூட்டின் இடுக்கில் கச்சிதமாக வைத்தார்.

பாதியை மட்டும் மாற்றலாம் என்று சீஃப் விளக்கத் தொடங்கியதும் பாய் குறுக்கிட்டார்.

“டாக்டருங்க, மெத்தையில ஒரு பக்கம் பஞ்சு அழுந்திப்போச்சுன்னா, அந்தப் பக்கத்தத்தானுங்க பிரிச்சுப் பஞ்சு வெப்போம். மொத்த மெத்தையவும் எவனாச்சும் தூக்கி எறிவானுங்களா?”

சீஃப் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு வந்த எல்லா நோயாளிகளுக்கும் அவர் சொன்ன விளக்கம் பாயின் மெத்தைதான்.

பாய்க்கு ஒரே கவலை இருந்தது. “சார், நடந்தாப் போதும்னு நான் வரலீங்க. மண்டி போடோணும். வேலைக்கும் அதுதான், தொழுகைக்கும் அதுதான்” என்று என்னிடம் சொன்னார். மண்டியிடுவதைப் பற்றி எங்கள் படிவத்தில் கேள்வியே இல்லை. “பாக்கலாம் பாய்” என்றேன்.

அறுவைச் சிகிச்சை அழகாக முடிந்தது. மூன்றாம் மாதம் தலையணையை வைத்து மண்டியிட வைத்தோம். முகம் சுளிக்காமல் செய்தார். அன்று துறையில் எல்லாருக்கும் தன் சந்திலிருந்து வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வந்து கொடுத்தார்.

ஆறாம் மாதம் அவர் வந்த நாளை மறக்க முடியாது. அன்று மாலை ரயிலில் சீஃப் சென்னை கிளம்புகிறார். அங்கே ஒரு மருத்துவர் கூட்டத்தில் எங்கள் பாதி மூட்டு நோயாளிகளின் முடிவுகளை வாசிக்கப் போகிறார். முன்பு எங்கள் ஊர்க் கூட்டத்தில் சிரித்தவர்களும் அங்கே இருப்பார்கள். அட்டவணையைப் படமெடுத்து ஸ்லைடாக்க ஸ்டுடியோவிலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்கிறார். ஒரு படிவம் பாக்கி. பாயுடையது.

“வலி இல்லைதானே பாய்?” என்றேன். கேட்ட விதத்தையும் கவனியுங்கள்.

“இல்லைன்னு சொல்ல முடியாதுங்க சார்” என்றார் பாய். “ஒரு மாசமா இருக்குதுங்க. படி எறங்கறப்ப, மண்டி போட்டுப் பஞ்ச அமுக்கறப்ப, உள்ளுக்குள்ள ஆணி வெச்சு அடிக்கற மாதர. இங்கீங்க.”

விரலை வைத்தார். மூட்டின் இடுக்கில் அல்ல. அதற்கு இரண்டு விரற்கடை கீழே, கணைக்கால் எலும்பின்மேல். உலோகத் தட்டு உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே.

விரல் இடம் மாறியிருப்பதை நான் பார்த்தேன். அது என்னவாக இருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். தட்டுக்குக் கீழே எலும்பு பாரம் தாங்காமல் விரிசல் விட்டிருக்கலாம். பல நேரங்களில் அந்த இடத்து வலி ஒன்றுமில்லாமல் தானாகவே அடங்குவதும் உண்டு. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள ஓர் எக்ஸ்ரே போதும். எக்ஸ்ரே எடுத்தால் சீஃபிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் பாயை உட்கார வைத்துவிடுவார், அட்டவணையையும் நிறுத்திவிடுவார். அவர் அப்படிப்பட்டவர் என்பது எனக்குத் தெரியும்.

“இது தசை வலி பாய். தொடையில பலம் பத்தல, பயிற்சியை விட்டுட்டீங்க” என்றேன்.

“உடலீங்களே சார், தெனமும் செய்யறனுங்க.”

“இன்னும் செய்யணும். படியில ஏறி எறங்குங்க, காலையில இருபது, சாயங்காலம் இருபது. சரியாயிரும். இதைப் போய் டாக்டர்கிட்டச் சொல்லிட்டு இருக்காதீங்க. ஊருக்குப் போற நேரத்துல அவர் மனசு சங்கடப்படும்.”

பாய் உடனே காலை இழுத்துக்கொண்டார். “ஐயோ, வேண்டாமுங்க. இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சவரு. நீங்க சொன்னாச் சரிங்க” என்றார்.

‘இல்லை’யில் டிக் போட்டேன். அட்டவணை ஸ்லைடாயிற்று. சென்னையில் கைதட்டினார்களாம். சீஃப் திரும்பி வந்ததும் என் இருக்கைக்கே வந்து கை கொடுத்தார். அன்று முழுவதும் நான் வார்டில் பாடாத குறையாகத் திரிந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த மகிழ்ச்சி பொய்யில்லை.

அடுத்த முறை பாய் வந்தபோது சீஃபே இருந்தார். “எப்படி இருக்குதுங்க பாய்?” என்றார். பாய் என்னைப் பார்த்தார். பிறகு, “நல்லா இருக்குதுங்க டாக்டர்” என்றார். சீஃப் அவரை நடைபாதையில் வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு; நோயாளியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு காலடிச் சத்தத்தை மட்டும் கேட்பார். பாய் போய்த் திரும்பினார்.

“வலது கால் சத்தம் சின்னதா வருதே” என்று என்னைப் பார்த்தார் சீஃப்.

“தொடைத் தசை பலவீனம் சார். பயிற்சி கூட்டியிருக்கேன்” என்றேன்.

என் வார்த்தையை அவர் நம்பினார். வருடக்கணக்காக நம்பிப் பழகியவர்.

அதற்குப் பிறகு பாய் வரவில்லை. நான்கைந்து மாதங்கள் கழித்து அவருடைய மனைவி கதீஜா அம்மா தனியாக என் துறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், அவரு கடைக்குப் போயி ரெண்டு மாசமாச்சுங்க. மசூதிப் படியிலயே ஏறி எறங்கி நீங்க சொன்னதச் செஞ்சாரு. இப்ப அந்தப் படிய ஏறவே முடியலீங்க. ஊட்டுக்குள்ள செவுத்தப் புடிச்சுட்டு நடக்கறாரு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னாச் சொல்லக்கூடாதுன்னு சார் சொல்லிப்போட்டாருங்கறாரு. அவருதான சொல்லக்கூடாது? நானும் சொல்லக்கூடாதுங்களா?”

நாற்பது ஆண்டு வேலையில் என்னிடம் யாரும் அதைவிட மரியாதையாகப் பேசியதில்லை. அதைவிடக் கடுமையாகவும் பேசியதில்லை.

அன்றே பாயை வரவழைத்து எக்ஸ்ரே எடுத்தோம். ஈரம் காயாத பிலிமை நானே வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். உலோகத் தட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து எலும்புக்குள் அமிழ்ந்திருந்தது. அதைச் சுமந்துகொண்டு அந்த மனிதர் காலையில் இருபது, மாலையில் இருபது படி ஏறி இறங்கியிருக்கிறார். நான் சொன்னதால்.

பிலிமை எடுத்துக்கொண்டு சீஃபின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். படபடப்பில் முன்பின்னாகச் சொன்னேன். அவர் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தித் திரும்பச் சொல்ல வைத்தார், நோயாளியிடம் வரலாறு கேட்கிற அதே முறையில்.

“விரலை எங்க வெச்சாரு?”

என் காலில் வைத்துக் காட்டினேன்.

“அது உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார்.”

பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “அன்னிக்கே தெரிஞ்சிருந்தா ரெண்டு மாசம் ஊன்றுகோல் குடுத்து பாரத்தைக் குறைச்சிருப்பேன். எலும்பு கூடியிருக்கலாம். கூடாமயும் போயிருக்கலாம். இனி அது நமக்குத் தெரியவே தெரியாது” என்றார். அப்புறம், “இனி முழு மூட்டுதான். மண்டி போட முடியாது” என்றார்.

என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் மூன்று காரியங்கள் செய்தார். சென்னைக் கூட்டத்தை நடத்தியவர்களுக்கு, தான் வாசித்த முடிவுகளில் வலி பற்றிய பகுதி நம்பத்தக்கதல்ல என்று அப்போதே கடிதம் எழுதினார். காரணத்தில் என் பெயரைப் போடாமல் ‘எங்கள் பிரிவின் தவறு’ என்று போட்டார். பாயிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றார். மூன்றாவதாக, பாதி மூட்டு மாற்றிய ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். “அந்தப் படிவத்தைக் கொண்டு போகாதீங்க. வெறும் நோட்டை எடுத்துட்டுப் போங்க.”

மறுநாள் பாயின் கடைக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது, பின்னாலேயே வீடு. முன்னறையில் பாதி தைத்த மெத்தை ஒன்று சுவரோரம் கிடந்தது. அவர் நாற்காலியில் இருந்தார். நான் நின்றபடியே சொன்னேன்: அன்று உங்கள் விரலைப் பார்த்தேன், எனக்குப் புரிந்தது, ஆனாலும் இல்லை என்று எழுதினேன், டாக்டருக்குத் தெரியக்கூடாது என்றுதான் உங்கள் வாயையும் அடைத்தேன்.

பாய் உடனே கோபப்படவில்லை. அவர் முகத்தில் வந்தது நான் எதிர்பார்க்காத ஒன்று. நிம்மதி போல இருந்தது.

“அப்ப அது தசை இல்லீங்களா?”

“இல்லீங்க பாய்.”

மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியா? நான் சோம்பேறின்னு நானே நெனச்சுப்போட்டேன். வலிக்கறப்பெல்லாம் இன்னும் பத்துப் படி ஏறுனேன்.” கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. “அந்தத் தாள்ல இப்பவும் இல்லைன்னுதான் இருக்குதுங்களா சார்?”

“இருக்குதுங்க.”

“அப்ப மன்னிப்பெல்லாம் அப்புறம் பேசலாமுங்க. மொதல்ல அதை அடிச்சுப்போட்டு நான் சொல்றத எழுதுங்க.”

நோட்டை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எந்த வாரம் தொடங்கியது, எந்தப் படியில், எந்தத் தொழுகையில் முதன்முதலாக எழ முடியாமல் பக்கத்தில் இருந்தவர் கை கொடுத்தார், எந்த மெத்தையைப் பாதியில் நிறுத்தினார். நடுவில் ‘கடுமையான வலி’ என்று நானாக எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். “கடுமைன்னு நான் சொல்லலீங்களே. ஆணி வெச்சு அடிக்கற மாதரன்னு சொன்னேன். அப்படியே எழுதுங்க” என்றார். அப்படியே எழுதினேன்.

முழு மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்தது. வேறொரு பிசியோதெரபிஸ்டை அனுப்பட்டுமா என்று சீஃப் அவரிடம் கேட்டாராம். “அவரே வரட்டுமுங்க. ஆனா நான் நிறுத்துன்னா நிறுத்தோணும்” என்றாராம் பாய். நிறுத்தினேன். ஒவ்வொரு நாளும் அவர் “போதும்” என்ற கணத்தில் என் கை நின்றது. முன்பெல்லாம் நான் இன்னும் ஐந்து பாகை, இன்னும் ஐந்து பாகை என்று தள்ளுகிறவன். வேடிக்கை என்னவென்றால், நான் நிறுத்துவேன் என்று தெரிந்ததும் அவர் கால் என் கைக்குள் இறுக்கத்தை விட்டுவிட்டது. ஒரு காலை நேரம் அவர் போதும் என்று சொல்லவே இல்லை. கோணமானியைப் பார்த்தால் தொண்ணூற்றைத் தாண்டியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் புதிதாக ஒரு தொழில் கற்றதுபோல் இருந்தது.

வீடு வீடாகப் போனதையும் சொல்ல வேண்டும். அது தண்டனையாகத் தொடங்கியது. என் வேலைக் காலத்திலேயே பரபரப்பான மாதங்களாக மாறிவிட்டது. வலிக்கிறதா என்று யாரையும் கேட்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். “இப்ப எதைச் செய்யறதில்லீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர் யோசித்துவிட்டு, “மாமனார் ஊட்டுக்குப் போறதில்லீங்க” என்றார். உள்ளேயிருந்து மனைவி, “அதுக்கு முட்டி காரணமில்லீங்க சார். முட்டி நல்லா இருந்தப்பவே போகல” என்றார். சிரித்து முடிந்த பிறகு அந்த அம்மாவே சொன்னார், அவர் இப்போது குனிந்து கீழே விழுந்த நட்டை எடுப்பதில்லை, ஆளைக் கூப்பிடுகிறார் என்று. கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர் எதையும் விடவில்லை என்றார். தறிகளுக்கு நடுவே அவர் நடப்பதை நின்று பார்த்தேன், திரும்பும்போதெல்லாம் நல்ல காலில் மட்டும் திரும்பினார். எழுதிக்கொண்டேன்.

கோபிசெட்டிபாளையத்தில்தான் நான் துள்ளிக் குதிக்காத குறை. அங்கே ஓர் அம்மா, படிவத்தில் ‘கொஞ்ச தூரம்தான் நடக்கிறார்’ என்று இருந்தவர், வீட்டில் இல்லை. வயலில் தேடிப் போனால், சேற்று வரப்பின்மேல் வெறுங்காலோடு வாழையிலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வருகிறார். என்னைக் கண்டதும் கட்டைக் கீழே போட்டுவிட்டார்.

“டாக்டருகிட்டச் சொல்லிப்போடாதீங்க கண்ணு. கட்டுத் தூக்கக் கூடாதுன்னு வைவாரு.”

ஆக, என் படிவம் இரண்டு பக்கமும் பொய். வலியை மறைத்தவர்கள் ஒரு பக்கம். திட்டு வாங்க வேண்டுமே என்று பலத்தை மறைத்தவர்கள் இன்னொரு பக்கம். வழுக்கும் வரப்பில் அந்தக் கால் நிதானம் தவறாமல் வந்ததைப் பார்த்தவன் நான். தசைநாரை வெட்டாமல் விட்டதன் பலன் அதுதான். திரும்பியதும் நேராகச் சீஃபிடம் ஓடிச் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். “கட்டோட வந்தாங்களா? வரப்புல?” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு நாங்கள் உட்கார்ந்து எங்களுக்கென்று ஒரு படிவம் எழுதினோம். தரையில் உட்கார்ந்து எழுவது, பஸ் படியில் இறங்குவது, வரப்பு, மண்டி, தொழுகை எல்லாம் அதில் கேள்விகளாயின. வலி என்ற இடத்தில் கட்டத்தை எடுத்துவிட்டு வெற்று வரிகளை விட்டோம்.

பாய்க்கு நான் செய்ய முயன்ற பரிகாரத்தைச் சொல்லி முடிக்கிறேன். இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய மேசை செய்து, நின்றபடி மெத்தை தைக்கலாம் என்று யோசனை சொன்னேன். தச்சரை அழைத்துவந்து நானே அளவு கொடுத்தேன். பாய் முதலில் சிரித்தார். “மெத்தை மேல ஏறாம மெத்தை தைக்கறதுங்களா?” பிறகு தைத்துப் பார்த்தார். ஓரங்கள் வந்தன. நடுப்பகுதிக்குக் கை எட்டவில்லை. எட்டினாலும் அமுக்கப் பலம் போதவில்லை. நடுவைக் கதீஜா அம்மா மேசைமேல் ஏறி மண்டியிட்டுத் தைக்கத் தொடங்கினார். மெத்தைகள் வெளியே போயின, ஆனால் பாதி வேகத்தில். மசூதியில் பாய் கடைசி வரிசையில் நாற்காலி போட்டுத் தொழுதார். அவர் கேட்டு வந்த இரண்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. நடை நன்றாக இருந்தது. அவர் நடைக்காக வரவில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டேன். இரண்டு முறையும் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மறுபரிசோதனை நாட்களில் மட்டும் தவறாமல் வருவார். தன் முறை முடிந்த பிறகும் கிளம்ப மாட்டார். காத்திருப்புக் கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அங்கே என்ன செய்கிறார் என்று எனக்கு நெடுநாள் தெரியாது. ஒருநாள் அடுத்தவரைக் கூப்பிட எழுந்தபோது, சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. புதிதாக வந்திருந்த ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க அம்மணி, உங்களுக்கும் முட்டிங்களா? உள்ள கண்ணாடி போட்ட சார் ஒருத்தர் இருப்பாரு. அவருகிட்டப் பரவாயில்லைன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. இல்லைன்னு எழுதிப்போடுவாரு.”

“பின்ன என்னங்க சொல்றது?”

“வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. எப்புடி வலிக்குதோ அப்புடியே சொல்லுங்க.”

“பெரிய எடத்து ஆளுங்க. நம்ம சொன்னாக் கேப்பாருங்களா?”

கதவில் வைத்த கையை நான் எடுக்கவில்லை.

“முன்ன கேக்க மாட்டாருங்க” என்றார் பாய். “இப்பக் கேக்கறாரு.”

நான் கதவைத் திறந்து அந்த அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.